மலை தரும் மின்சாரமும் லயத்து அடுப்பும்

இன்று இலங்கையில் மின்சாரம் இல்லாத வீடுகள் மிகச் சிலவே. 2016 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் மின் இணைப்பு கிடைத்துவிட்டது. வளர்ந்துவரும் நாடொன்றுக்கு இது பெரும் சாதனையாகும். எனினும் நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தால் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு கண்ணில் படாது. வீட்டுக்குத் தேவையான சக்தி என்பது விளக்கோடு முடிவதில்லை. சோறு சமைப்பது, குளிருக்கு நீர் காய்ச்சுவது, பிள்ளைகள் இரவில் படிப்பது எல்லாம் அதில் அடங்கும். இவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களின் நிலை தனியாகத் தெரிகிறது. அதற்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்சாரம் பிறக்கும் மலை

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தே களனி கங்கையாகின்றன. மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு நாட்டுக்கு மின்சாரம் பெறலாம் என்று 1918 இல் ஆய்வுரை சமர்ப்பித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அதற்கு முன்னரே, 1912 இல், நுவரெலியாவுக்கு அருகே பிளக்பூலில் சிறு நீர்மின் நிலையமொன்றை அவர் அமைத்திருந்தார். அவருடைய கனவான லக்சபான மின்நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் உருவாயின. 2012 இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் கொள்ளளவுடைய மேல் கொத்மலைத் திட்டமும் சேர்ந்துகொண்டது.

இதற்காக இம்மலை விலையும் கொடுத்திருக்கிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் இன்றும் வெளியே தெரிகின்றன.

ஆனால் உயர் அழுத்தக் கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து கொழும்புக்குச் சென்ற பின்னரும், கீழேயிருந்த லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல ஆங்கிலேயர் காலத்திலேயே ஓடை நீரால் சுழலியை இயக்கித் தமக்கு வேண்டிய சக்தியைப் பெற்றன. தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் இடையிலான தூரம் சில நூறு யார்தான். அந்தத் தூரத்தைக் கடக்க மின்சாரத்துக்குப் பல தசாப்தங்கள் தேவைப்பட்டன.

வீடு யாருடைய பெயரில்?

இதற்கு முதற் காரணம் உரிமை. கிராமத்தில் ஒருவர் தம் காணிக்கு மின் இணைப்பு வேண்டுமென்றால் தாமே விண்ணப்பிப்பார். லயக் காம்பிராவும் அது நிற்கும் நிலமும் அங்கே வாழும் தொழிலாளியின் பெயரில் இல்லை. எனவே தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் அவரால் எதுவும் செய்ய இயலாது. தனி இணைப்பு இல்லாத இடங்களில் அடுத்த காம்பிராவிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டார்கள். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் லயத்தில் ஓரிடத்தில் மின்ஒழுக்கு ஏற்பட்டால் வரிசை முழுவதும் எரிந்துவிடுகிறது. கூரைமேல் சூரிய மின்சாரத்தை ஊக்குவிக்கும் திட்டத்தை 2016 இல் அரசு தொடங்கியது. கூரையே தமக்குச் சொந்தமில்லாதவர்கள் அதில் எவ்வாறு சேர்வார்கள்?

விறகிலும் வேறுபாடு

2012 குடித்தொகை மதிப்பீட்டின்படி இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. ஆகவே விறகு தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. ஆனால் எல்லா விறகும் ஒன்றல்ல. குருநாகலில் தென்னை மட்டையும் பாளையும் சிரட்டையும் வளவிலேயே விழுகின்றன. யாழ்ப்பாணத்தில் பனை மட்டையும் ஓலையும் உண்டு. நுவரெலியாவின் உயரத்தில் தென்னையும் இல்லை, லயத்தைச் சுற்றி மரம் வளர்க்க வளவும் இல்லை. அங்கே கிடைப்பது கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கும் மிலாறும், காற்றில் ஒடிந்து விழும் டர்பன்டைன் கிளைகளும்தான். ஒரு மலையில் கவ்வாத்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடக்கும். அந்த மலை தூரமாயின் பகல் முழுவதும் கொழுந்து பறித்த பெண் மாலையில் மிலாற்றுக் கட்டைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நனைந்துவிடும். நனைந்த விறகு சூட்டைவிடப் புகையையே அதிகம் தரும்.

சம்பளமும் சிலிண்டரும்

எரிவாயுவுக்கு மாறினால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலை 1,493 ரூபா. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டர் ஒன்றரை நாள் உழைப்பு. 2022 ஏப்ரலில் விலை 4,860 ரூபாவானது. சம்பளம் மாறவில்லை. ஒரு சிலிண்டர் ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மின்கட்டணமும் சராசரியாக 75 வீதம் கூட்டப்பட்டது.

எங்கள் வாப்பாவின் கடைக்கு வரும் தோட்டத்து அக்கா ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “சிலிண்டர் மூலையில இருக்கு தங்கச்சி. சொந்தக்காரங்க வந்தா தேத்தண்ணி போட மட்டுந்தான் பத்த வைப்போம்” என்றார். கணக்கெடுப்பவர் அந்த வீட்டை எரிவாயு உள்ள வீடு என்று எழுதக்கூடும். அன்றாடச் சோறு விறகிலேதான் வேகிறது. ஒரு வசதி வீட்டில் இருப்பதும் அதைப் பயன்படுத்த முடிவதும் வேறு வேறு என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிக்கொண்டேன்.

புகையின் கணக்கு

மலைநாட்டுக் குளிரில் கதவையும் யன்னலையும் திறந்து வைத்துச் சமைக்க முடியாது. நெருக்கமான காம்பிராவில் புகை தங்கிவிடுகிறது. அதை அதிகம் சுவாசிப்பவர்கள் அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்கள் அருகில் இருக்கும் குழந்தைகளும். வீட்டுக்குள் மாசடையும் காற்றினால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

செய்யக்கூடியவை

முதலாவது, காணியுரிமையுடன் கூடிய தனிவீடு. இந்திய உதவியுடன் தோட்டங்களில் கட்டப்பட்டுவரும் வீடுகள் இதற்கு நல்ல முன்மாதிரி. சொந்தப் பெயரில் வீடு இருந்தால் மின்மானியும் சொந்தப் பெயரில் வரும், கூரையும் சொந்தமாகும். இரண்டாவது, விறகு தொடரும் வரை அதைக் குறைவாக எரிக்கும் வழி. நம் நாட்டில் செய்யப்படும் ‘அனகி’ மண் அடுப்பில் ஒரே தீயில் இரு பானைகளை வைக்கலாம், விறகு மிச்சமாகும். அத்துடன் புகைபோக்கியும் இருந்தால் அடுப்படிக் காற்று சுத்தமாகும். மூன்றாவது, குறைந்த வருமானக் குடும்பங்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டு எரிபொருள் விலைகளைத் தீர்மானிப்பது.

சகோதரிகளே, இனி ஒரு பிரதேசத்தின் சக்தி வளத்தைப் பற்றிப் படிக்கும்போது ‘மின்சாரம் உண்டா?’ என்ற கேள்வியோடு நிறுத்திவிட வேண்டாம். வீடு யாருடைய பெயரில்? ஒரு சிலிண்டருக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டும்? புகை எங்கே போகிறது? இம்மூன்றையும் சேர்த்துக் கேட்போம். நாம் இரவில் படிக்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கு இந்த மலைகளின் நீரிலிருந்து வருகிறது. அந்த மலைகளில் உழைக்கும் தாய்மாரும் புகையில்லாத அடுப்படியில் சமைக்க வேண்டுமென்பது நியாயமான கோரிக்கையே.