முடி போகிறதே என்று அழுகிறவளுக்கு

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு மேசையில் கிடந்ததால் உடனே பதில் எழுத உட்கார முடியவில்லை.

அடுத்த மாதம் உனக்குக் கன்னியர் உடுப்பு விழா. முடியை வெட்ட வேண்டும் என்று நாவிஸ் மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். விடுமுறையில் நீ வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதிலிருந்து உன் அம்மா, என் மதினி, சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் உனக்கும் அழுகை வருகிறது. இப்படி அழுகிறவளுக்குத் தேவ அழைத்தல் இருக்குமா அத்தை என்று கேட்டிருக்கிறாய்.

அழுகை வந்தால் அழுதுவிடு. நல்லெண்ணெயும் சீயக்காயும் போட்டு, பேன் பார்த்து, சிக்கெடுத்து வளர்த்த முடி. அது போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்கிற பெண்ணைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அழைத்தல் உண்டா இல்லையா என்பது ஜெபத்திலும், கூட இருப்பவர்களைச் சகித்துக்கொள்வதிலும் தெரியும். கண்ணாடி முன்னால் தெரியாது.

மதினி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைச் சேலை, பூ இல்லாத தலை, வெட்டிய முடி. நம் ஊரில் இந்த மூன்றும் ஒரு பெண்ணிடம் சேர்ந்து வந்தால் என்ன பொருள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளை அந்தக் கோலத்தில் நினைத்துப் பார்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? அவர்களிடம் போய், "சின்னதில் எனக்கு வேளாங்கண்ணியில் மொட்டை போட்டீங்களே, அதுவும் காணிக்கைதானே?" என்று வாதம் பண்ணிவிடாதே. உனக்கு அப்படித் தோன்றும், நீ பேச்சுக்காரி. அந்த மொட்டைக்குச் சந்தனம் பூசி, புது கவுன் போட்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். இந்த முறை திரும்பும்போது நீ அவர்களோடு வரமாட்டாய். அவர்கள் அழுவது முடிக்காக என்றா நினைக்கிறாய்? வீட்டில் இருக்கிற நாள்வரை தினமும் அவர்கள் கையாலேயே தலை பின்னச் சொல். வேறு ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டாம்.

முடியை வெட்டினால்தான் கன்னியர் என்பதுபோல எழுதியிருக்கிறாய். திருச்சபை எல்லாக் காலத்திலும் அப்படி நினைத்துவிடவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கங்கிராவில் கூடிய ஆயர் சங்கம், பக்தி என்ற பெயரில் முடியை வெட்டிக்கொள்கிற பெண்களைச் சபித்தே விதி எழுதியது. 390இல் தெயோதோசியு பேரரசர், அப்படி வெட்டியவர்களைக் கோவிலுக்குள்ளேயே விடக்கூடாது என்று சட்டம் போட்டார். ஆனால் கிட்டத்தட்ட அதே காலத்தில் எகிப்து, சிரியா மடங்களில் கன்னியரும் கைம்பெண்களும் மடத் தலைவியிடம் தலையைக் கொடுத்து வெட்டிக்கொள்வது வழக்கம் என்று புனித எரோணிமுஸ் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். காரணமும் சொல்கிறார்: குளியல் இல்லை, எண்ணெய் இல்லை, அழுக்கும் பூச்சியும் சேரும். பேன்தான், வேறென்ன! வெட்டியது வெளியே தெரியாதபடி தொப்பியும் முக்காடும் போட்டுக்கொள்வார்களாம். பிரசங்கத்தில் இதை யாரும் சொல்வதில்லை. எனக்கென்னவோ இது மிகவும் பிடிக்கும்.

புனித கிளாராவின் கதை வேறு. 1212, குருத்து ஞாயிறு இரவு. 18 வயதுப் பெண் வீட்டைவிட்டு வெளியேறி அசிசிக்குக் கீழே இருந்த சிற்றாலயத்துக்கு வந்தாள். புனித பிரான்சிஸ் தம் கையாலேயே அவள் முடியை வெட்டினார். பின்னர் அவள் தங்கியிருந்த மடத்துக்கு உறவுக்காரர்கள் இழுத்துப்போக வந்தபோது, பீடத் துணியைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டை விலக்கி வெட்டிய தலையைக் காட்டினாள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார்கள். அந்த நாளில் அந்தத் தலை ஒரு சாசனம்: இவள் இனி கல்யாணச் சந்தைக்கு இல்லை. உன்னை இழுத்துப்போக யாரும் வரவில்லை. உன் அப்பா, என் அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விடப்போகிறார். அதனால் கிளாரா வேஷம் நமக்கு வேண்டாம்.

இன்றைக்கு இது சபைக்குச் சபை மாறும். சில சபைகளில் கொண்டை போட்டு அதன்மேல் முக்காடு; சிலவற்றில் முக்காடே இல்லை, சேலை மட்டும். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், உடுப்பு எளிமையாக, உடம்புக்கு ஒத்துக்கொள்வதாக, காலத்துக்கும் இடத்துக்கும் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகு நிறைய மாறிவிட்டது. உங்கள் சபையில் எவ்வளவு வெட்ட வேண்டும், தோள்வரை விடலாமா என்று மிஸ்ட்ரஸிடம் நேராகவே கேள். கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. இன்னொரு கணக்கும் சொல்கிறேன். நவகன்னியர் காலம் குறைந்தது 12 மாதம், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது 3 வருஷம். மாதம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் கிட்டத்தட்ட அரை மீட்டர் முடி வளர்ந்துவிடும். அந்தச் சமயத்தில் "இது எனக்கு இல்லை" என்று தோன்றினால் வீட்டுக்கு வர வழி இருக்கிறது. அதை அவமானம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

முடியைவிட எனக்குப் பயம் முக்காட்டைப் பற்றித்தான். முடி போவது தெரியும், வலிக்கும், மறந்தும் போகும். முக்காடு கொண்டுவந்து சேர்ப்பது நமக்கே தெரியாது. பஸ்ஸில் ஏறினால் கர்ப்பிணிகூட எழுந்து இடம் கொடுப்பாள். போன மாதம் விடுதிப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போனேன். காலையிலிருந்து ஒரு பாட்டி, முதியோர் பென்ஷன் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றதும் நாற்காலி வந்தது, "வாங்க சிஸ்டர், உங்க தாளைக் கொடுங்க" என்றார்கள். அந்தப் பாட்டிக்கு அதில் கோபம்கூட இல்லை. எனக்குக் கும்பிடு போட்டாள்.

1948இல் லொரேட்டோ மடத்து உடுப்பைக் கழற்றிவிட்டு, நீலக்கரை போட்ட மலிவான வெள்ளைச் சேலையை அன்னை தெரேசா கட்டிக்கொண்டது, கல்கத்தா ஏழைப் பெண்களோடு ஒருத்தியாக நிற்க. அதே சேலைக்கு இன்று அமைச்சர்களும் எழுந்து நிற்கிறார்கள். நீ அந்த மாதிரிப் பாட்டிக்குப் பின்னால் வரிசையில் நின்று பழகு. நாற்காலி வந்தால் அவளை உட்காரவை. உடுப்பு போட்ட முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிடு. பிறகு கால் கேட்காது.

சில நடைமுறை விஷயங்கள். ஈரத் தலையில் முக்காடு போடாதே. வாடை வரும், தலைவலி வரும், பொடுகு வரும். நெற்றிப் பட்டையை இறுக்கிக் கட்டாதே, அந்த வரியில் முடி உதிர்ந்துவிடும். குண்டூசி வேண்டாம், ஊக்குப் போடு. கஞ்சி போட்ட துணி சித்திரை வெயிலில் கழுத்தை அறுக்கும், கஞ்சியைக் குறைத்துக்கொள்.

வெட்டிய முடியை மதினி கேட்பார்கள். கொடுத்துவிடு. சிறுமலர் தெரேசாவின் முடியே லிசியேயில் இன்றும் இருக்கிறது. அதனால் அவர் புனிதத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அண்ணனிடம் சொல், உடுப்பு விழாவுக்கு வேன் பிடித்து ஊரையே கூட்டிவர வேண்டாம். சாப்பாட்டுச் செலவு மடத்தின் தலையில் விழும். நான் முந்தின நாள் சாயந்தரமே வந்துவிடுவேன். தலைச் சுற்றளவை டேப் வைத்து அளந்து எழுதி அனுப்பு, பருத்தித் துணியில் இரண்டு உள்தொப்பி தைத்துக்கொண்டு வருகிறேன். கடையில் விற்பது பாலியெஸ்டர், வேர்க்கும்.

உன்
சிஸ்டர் அத்தை