போர்டு தாளில் காரணம் எழுதியிருக்கிறதா?

பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். ஊர் தெள்ளார். டிஸ்ஸபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்ட கடிதத்தோடு வந்தவாசி, சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் என்னிடம் வருவார்கள். மனு எழுதிக் கொடுப்பேன், கோப்பு சேர்த்துக் கொடுப்பேன், சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குக் கூடவும் போவேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: எவ்வளவு வலிக்கிறது என்பதை வைத்து இந்த வழக்குகள் முடிவாவதில்லை. பட்டாளத்தில் சேர்ந்தபோது எழுதிய மருத்துவத் தாள், வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு எழுதிய அறிக்கை, இந்த இரண்டிலும் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்பதில்தான் முடிவாகின்றன.

முதலில் போர்டு அறிக்கையை வாங்குங்கள்

மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘இந்நோய் படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் கூடியதும் அல்ல.’ அதை மட்டும் வைத்துக்கொண்டு மேல்முறையீடு எழுதினால், புலம்பலாகத்தான் இருக்கும். போர்டு அறிக்கையின் நகல் கையில் இல்லாவிட்டால், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். சேர்ந்தபோது எழுதிய மருத்துவத் தாளையும் சேர்த்தே கேளுங்கள்.

ஆரணிப் பக்கத்து நெசவுக் குடும்பத்து நாயக் ஒருவர் வந்தார். ரத்த அழுத்தம், 30 சதவீதம் என்று போர்டு போட்டிருந்தது. “அண்ணா, முப்பது பர்சென்ட்னு அவங்களே எழுதியிருக்காங்க, அப்புறம் ஏன் பைசா வரல?” என்றார். அறிக்கையைப் புரட்டினேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ‘அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சேர்ந்தபோது எழுதிய தாளில் ரத்த அழுத்தம் சரியான அளவில் இருந்தது. அந்தப் போஸ்டிங்குக்கு முன்னால் அவர் பனிமலையில் இருந்ததும் சர்வீஸ் ரெக்கார்டில் இருந்தது. இந்த மூன்றையும்தான் மனுவில் முன்னே வைத்தோம். தீர்ப்பாயம் அவர் பக்கம் முடிவு செய்தது.

சட்டம் யார் பக்கம்?

2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இதற்கு அடிப்படை. 1985-ல் சேர்ந்தவரை 1994-ல் வலிப்பு நோய் என்று போர்டு அவுட் செய்தார்கள், அதாவது மருத்துவக் காரணத்தால் பணியிலிருந்து வெளியேற்றினார்கள். ஊனம் 20 சதவீதம் என்றார்கள். பணியால் வந்ததல்ல என்றும் சொல்லி பென்ஷனை மறுத்தார்கள். 1982-ம் வருஷத்து விதிகளை வைத்து நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் ஆரோக்கியமாகச் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கருதப்படும். இல்லை என்று போர்டு சொன்னால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் பாரம் சிப்பாய் மேல் இல்லை. சந்தேகத்தின் பலன் அவருக்கே.

அதனால் ‘எனக்கு நோய் இருக்கிறது’ என்று பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். அதை யாரும் மறுக்கவில்லை. ‘போர்டு காரணம் எழுதவில்லை’ என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

சதவீதக் கணக்கு

சர்வீஸ் முடித்து வருபவருக்குக் குறைந்தது 20 சதவீதம் ஊனம் இருக்க வேண்டும். போர்டு அவுட் ஆனவருக்கு 20-க்குக் குறைவாகப் போட்டிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் அது 20-க்கு மேல் என்றே கொள்ளப்பட்டது. அடுத்தது ரவுண்டிங். 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அப்படியென்றால் அந்த நாயக்கின் 30 சதவீத ஊனம் 50 ஆகும். கையில் வருவது கடைசிச் சம்பளத்தில் 15 சதவீதம்.

படி தாண்டாதீர்கள்

மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் போனால் இரண்டாவது. அதற்குப் பிறகுதான் தீர்ப்பாயம். இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மன்னிப்பு கேட்கலாம். மனு கொடுத்து ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றாலும் கதவு திறந்திருக்கிறது. அங்கே ஒரு நீதிபதியும் ஓய்வு பெற்ற உயர் ராணுவ அதிகாரி ஒருவரும் உட்காருவார்கள். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

‘இருபது வருஷம் ஆச்சு, இனி ஆவுமா?’ என்று கேட்பவர்கள் அதிகம். மாதாமாதம் வர வேண்டிய பென்ஷன் என்பதால் வழக்கு செத்துப்போகாது. ஆனால் 2008-ல் தர்செம் சிங் தீர்ப்புக்குப் பிறகு, நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கைவிட்டுப் போகும் பணம்.

தோற்கும் வழக்குகளும் உண்டு

லீவில் ஊருக்கு வந்து சொந்த வேலையாகப் போகும்போது வண்டியிலிருந்து விழுந்தால், பணிக்கும் காயத்துக்கும் தொடர்பைக் காட்ட வேண்டும். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதில் கறாராகவே இருந்தது. மனநோய் வழக்கில், சேரும்போது பரிசோதனையில் தெரிய வராத நோய் என்று போர்டு சொன்னதை 2019-ல் நரசிங் யாதவ் வழக்கில் நீதிமன்றம் ஏற்றது. விதிகளும் 2008-லும் 2023 செப்டம்பரிலும் மாற்றி எழுதப்பட்டிருக்கின்றன. எனவே டிஸ்சார்ஜ் புக்கில் தேதியைப் பார்த்த பிறகுதான் எந்த விதி பொருந்தும் என்று நான் வாய் திறப்பேன்.

இப்போது பட்டாளத்தில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று. அடிபட்டால் அன்றைக்கே இன்ஜுரி ரிப்போர்ட் எழுத வையுங்கள். யூனிட்டை விட்டு வருமுன் போர்டு அறிக்கையின் நகலை வாங்கி, ஒரு பிரதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். பத்து வருஷம் கழித்து உங்களுக்காகச் சாட்சி சொல்லக் கம்பெனி கமாண்டரைத் தேடிப் பிடிக்க முடியாது. அந்தத் தாள்தான் சாட்சி.