டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தீர்களா?

2024 நவராத்திரிக்கு ஜாலான் புசாரில் பாட்டி வீட்டில் கொலு வைத்தோம். எழுபதுகளில் கட்டிய வீவக வீடு. படிகளைச் சுற்றிச் சீரியல் விளக்கு, பக்கத்திலேயே கலசத்தில் தண்ணீர். மனதில் சின்ன உறுத்தல். மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபி அதில் இல்லை.

"முப்பது வருஷமா ஒண்ணும் ஆகலையேடா. அதான் இத்தனை சுவிட்ச் இருக்கே!" என்றார் பாட்டி.

பாட்டி சொன்ன சுவிட்சுகள் எம்சிபி. அதிகச் சுமையும் ஷார்ட் சர்க்யூட்டும் வயரை எரித்துவிடாமல் காப்பதே அவற்றின் வேலை. 32 ஆம்பியர் எம்சிபி என்றால், 32,000 மில்லியாம்பியருக்கு மேல் போனால்தான் அது விழும். ஆனால் மனித உயிரைப் பறிக்கச் சில பத்து மில்லியாம்பியரே போதும். அந்த அளவு எம்சிபிக்குத் தெரியவே தெரியாது.

ஆர்சிசிபி வேறு மாதிரி. அன்னதானத்தில் நூறு தட்டு வெளியே போய், தொண்ணூற்றொன்பதுதான் திரும்பி வந்தால் என்ன செய்வோம்? ஒன்று எங்கே என்று தேடுவோம் இல்லையா? அதுபோல, போன மின்சாரத்தையும் திரும்பிய மின்சாரத்தையும் ஆர்சிசிபி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். ஒருவேளை ஒருவர் உடல் வழியாக. வீடுகளில் பொருத்துவது, வித்தியாசம் 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

2020 டிசம்பரில் தெம்பனிஸில் ஒரே குடும்பத்தில் மூவர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அந்த வீட்டில் ஆர்சிசிபி இல்லை. 1985 ஜூலை முதல் கட்டிய வீடுகளுக்கு மட்டுமே அது கட்டாயமாக இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமானது. பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது.

இதையெல்லாம் சொன்னதும் பாட்டி ஒத்துக்கொண்டார். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பொருத்தினார். ஹீட்டரைப் போட்டதும் 'டக்'கென்று விழுந்தது. மறுபடி போட்டோம், மறுபடியும் விழுந்தது. ஹீட்டரில் கசிவு! பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாளும் இதுலதான் குளிச்சேனா?" என்றார்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. இன்றே மெயின் பாக்ஸைப் பாருங்கள். தாத்தா பாட்டி வீட்டிலும் பாருங்கள்.
2. மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மின்பணியாளரை அழையுங்கள்.
3. அடிக்கடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். எந்தச் சாதனம் காரணம் என்று கண்டுபிடியுங்கள்.
4. ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணைத்துவிட்டு, 995ஐ அழையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். ஒரு கை லைவ் வயரிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், ஆர்சிசிபியால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஆகவே அது இருக்கிறதே என்று ஈரக்கையோடு பிளக்கைத் தொடாதீர்கள்.

ஆயுத பூஜைக்கு மெயின் பாக்ஸுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பாட்டி இப்போது பொட்டு வைக்கும் முன் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறார்.