நீங்கள் பம்பரம் இல்லை: பாலேயில் சுற்றுவதும் வளைவதும்

பிருயெட் வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். அடுத்த முறை இன்னும் பலமாகத் தள்ளுவது. அதற்கும் வரவில்லை என்றால், "எனக்கு உடம்பு வளையல, அதான்" என்று தானே ஒரு தீர்ப்பு எழுதி, ராத்திரி ஹாஸ்டல் அறையில் ஸ்ப்ளிட் உட்கார ஆரம்பிப்பது. இரண்டுமே தப்பான இடத்தில் போடும் உழைப்பு. முதலாவதால் நேரம்தான் போகும். இரண்டாவதை அவசரத்தில் செய்தால் இடுப்போ முழங்காலோ போகும்.

பதினெட்டு வயசுக்கு மேல் பாலே பக்கம் வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெஸ்டர்ன் டான்ஸ் டீமில் இருந்துகொண்டு ஒரு நல்ல டர்ன் வேண்டும் என்று நினைப்பவர்கள், வாரம் ஒரு வகுப்புக்குப் போய்விட்டு மிச்சத்தை யூடியூபில் பார்த்துப் பழகுபவர்கள். ஏழு வயதில் ஆரம்பித்தவர்களுக்கு இருக்கும் பல வசதிகள் நமக்கு இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. முதல் வருஷம் மெக்கானிக்ஸ் எழுதிப் பாஸ் ஆகியிருக்கிறோம் (அரியர் வைத்திருப்பவர்களும் படிக்கலாம்).

பிருயெட் என்றால் ஒற்றைக் காலில் ஒரு முழுச் சுற்று. முழங்காலை மடக்கிக் கீழே இறங்கும் ப்ளியேயில் தொடங்கும். அங்கிருந்து நிற்கும் காலின் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் ஏறுவது ரெலவே. இன்னொரு காலின் விரல் நுனி முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார, தொடை பக்கவாட்டில் திறந்திருக்கும். அது ரெட்டிரே. வகுப்பில் பாஸே என்றும் சொல்வார்கள்.

இங்கேதான் பெரும்பாலானோர் மனசில் பம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேகமாகச் சுற்றினால் பம்பரம் நிற்கிறதே, நானும் வேகமாகச் சுற்றினால் நிற்பேன் என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடை, 1.7 மீட்டர் உயரம். கைகளை மூடிச் சுற்றும்போது செங்குத்து அச்சைப் பற்றிய மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவைச் சுமார் 1 கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் பம்பரத்துக்கான நிபந்தனையில் இதைப் போட்டால், சுழற்சியே உங்களை நிமிர்த்தி வைக்க வினாடிக்கு 50 சுற்றுக்கு மேல் வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த டான்ஸரும் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. ஆகவே சுற்றுவதால் நீங்கள் நிற்கவில்லை. நிற்பதால்தான் சுற்ற முடிகிறது.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். உங்களை ஒரு நேர்க் கம்பி என்று நினைத்து, அதே 1.7 மீட்டரை வைத்துக்கொண்டு, தலைகீழ் பெண்டுலம் சமன்பாட்டைப் போடுங்கள். ரெலவேயில் ஏறும்போது 1 டிகிரி சாய்ந்திருந்தால், அரை வினாடியில் அது 2 டிகிரியைத் தாண்டும். ஒரு வினாடியில் 9 டிகிரியைத் தாண்டும். 1 டிகிரி என்பது உடலின் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் விலகல், அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தால்கூடத் தெரியாது. சாய்வு நேர்கோட்டில் வளராமல் எக்ஸ்பொனென்ஷியலாக வளர்வதால், சிங்கிள் வந்துவிட்டு டபுளில் திடீரென்று விழுகிறோம். டபுளுக்கென்று தனி டெக்னிக் எதுவும் இல்லை. சிங்கிளில் ஒளிந்திருந்த பிழை வளர நேரம் கிடைக்கிறது. நிஜ உடம்பு கம்பி இல்லைதான். கணுக்காலாலும் முதுகாலும் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். ஆனால் பலமாகத் தள்ளும்போது அந்த முதல் 1 டிகிரி 3 டிகிரி ஆகிறது. நம் "இன்னும் பலமா" வேலை செய்யாததற்கு இதுதான் காரணம்.

இப்படிப் பார்ப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் டிக்கின்சன் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த கென்னத் லாஸ், தானும் பாலே பயின்றவர். 1984-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படிங்க.

சரி, தள்ளுவது எங்கிருந்து வருகிறது? ஃபோர்த் பொசிஷனில் ஒரு பாதம் முன்னே, ஒன்று பின்னே. இரண்டும் தரையை எதிரெதிர்ப் பக்கம் தள்ளுகின்றன. அதாவது ஒரு கப்பிள். பாதங்களுக்கு நடுவே இடைவெளி கூடினால் குறைந்த விசையிலேயே அதே டார்க் கிடைக்கும். அப்படியானால் காலை நன்றாக அகட்டி வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் ஏறும்போது உடலின் எடை மொத்தமும் முன்காலுக்கு மேல் வந்தாக வேண்டும். இடைவெளி கூடக்கூட எடை நகர வேண்டிய தூரமும் கூடும், 1 டிகிரி தப்பும் வாய்ப்பும் கூடும். ஆகவே ஆரம்பத்தில் சின்ன ஃபோர்த்தே போதும். நியூயார்க் சிட்டி பாலேயை நிறுவியவர்களில் ஒருவரான பாலன்சின், பின்காலை நேராக நீட்டி, எடையை முன்காலிலேயே வைத்துத் தொடங்கும் பிருயெட்டை விரும்பினார். எடை ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதால் நகர்த்தும் வேலை குறைவு. ஆனால் அதிலிருந்து ஏற முன்காலுக்கு நல்ல பலம் வேண்டும்.

பாதம் தரையை விட்ட பிறகு புதிதாக டார்க் கிடையாது. கையில் இருக்கும் கோண உந்தம் மட்டும்தான். தொடக்கத்தில் கைகள் திறந்திருப்பது அதைச் சேமிக்க, பிறகு மூடுவது அதைச் செலவழிக்க. இனர்ஷியா பாதியானால் வேகம் இரட்டிப்பு. பலர் கையைச் சாட்டை மாதிரி வீசுவார்கள். தோள் அதன் பின்னால் இழுபட்டு அச்சு போய்விடும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், தோளுக்குக் கீழே, பெரிய பந்தை அணைப்பது போல வந்து சேர வேண்டும்.

இந்தச் சேமிப்பு வேலையை முழுசாகப் பார்க்க ஸ்வான் லேக் மூன்றாம் அங்கத்தில் ஓடீல் சுற்றும் 32 ஃபுவேட்டேயைப் பாருங்க. 1895-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இத்தாலியப் பாலேக் கலைஞர் பியரீனா லெனியானி ஆடியது. இன்றும் அந்த இடத்தில் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வீடியோவைக் கால் வேகத்தில் ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உடல் பார்வையாளரைப் பார்த்து ஒரு கணம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஆனால் நீட்டிய கால் முன்னாலிருந்து பக்கவாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சுழற்சி மொத்தமும் அந்த நேரத்தில் காலில் இருக்கிறது. அதே கணத்தில் நிற்கும் கால் ப்ளியேயில் இறங்கி, உராய்வில் போன உந்தத்தைத் தரையிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. கால் உள்ளே வந்ததும் உடல் சுற்றுகிறது. நம் லேபில் இருக்கும் ஃப்ளைவீல் செய்வதும் இதைத்தான்.

பழகும் முறைக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் சுற்றவே சுற்றாதீங்க. கேட்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஃபோர்த்திலிருந்து ப்ளியே, நேராக ரெட்டிரேயில் ஏறி, நாலு எண்ணும் வரை நின்று, விழாமல் இறங்குவது. போனைப் பக்கவாட்டில் வைத்துப் பதிவு பண்ணுங்க. முன்பக்கம் வைத்தால் முன்னோக்கிய சாய்வு தெரியாது. பத்து முறையில் எட்டு முறை நின்றால் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று. ஒவ்வொன்றின் முடிவிலும் நின்று காட்ட வேண்டும். முழுச் சுற்று அதற்கப்புறம் தானாக வரும். "முடித்தேன்" என்று சொல்ல நான் ஏற்கும் ஒரே ஆதாரம், சுற்றி முடித்த பிறகும் ஒரு எண்ணு ரெலவேயிலேயே நிற்பது. சுழற்சி தீர்ந்து விழுந்து இறங்குவதைக் கணக்கில் சேர்க்காதீங்க.

தலை சுற்றுவதற்கு வழி ஸ்பாட்டிங். கண் மட்டத்தில் சுவரில் ஒரு ஸ்டிக்கர். உடல் திரும்பத் தொடங்கினாலும் பார்வை அதிலேயே இருக்கும். கழுத்து இனி முடியாது என்னும் இடத்தில் தலை சட்டென்று திரும்பி, உடலுக்கு முன்பே ஸ்டிக்கருக்கு வந்துவிடும். உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம். தலை தொடர்ந்து சுற்றினால் திரவமும் சேர்ந்து சுற்றும். நாம் நின்ற பிறகும் அது ஓடும். அறை சுழல்வது போலத் தோன்றும். ஸ்பாட்டிங்கில் தலை ஒவ்வொரு சுற்றிலும் நின்று நின்று போவதால் திரவம் வேகம் பிடிக்க முடியாது. அதோடு பழக்கமும் சேர்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே பெண் டான்ஸர்களையும் 20 துடுப்புப் படகுப் போட்டி வீராங்கனைகளையும் ஒப்பிட்டு 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுழற்றி நிறுத்தியதும் டான்ஸர்களுக்கு அந்தச் சுழலும் உணர்வு சீக்கிரமே அடங்கியது; காதின் சமிக்ஞைகளை வாங்கும் சிறுமூளைப் பகுதியிலும் வித்தியாசம் இருந்தது. முதல் மாதம் குமட்டினால், நமக்கு ராசி இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பாதத்தால் சின்னச் சின்ன அடி வைத்து மெதுவாகத் திரும்பியபடி, தலையை மட்டும் தினமும் இரண்டு நிமிஷம் பழகுங்க. மோவாய் தரைக்கு இணையாக இருக்கட்டும். தலை சாய்ந்தால் பழைய 1 டிகிரி கதைதான்.

இனி வளைவு. பிருயெட்டுக்கு ஸ்ப்ளிட் தேவையே இல்லை. தேவைப்படுவது இரண்டு இடத்தில். ஒன்று கணுக்கால்: ப்ளியேயில் குதிகால் தரையை விடாமல் ஆழமாக இறங்கவும், ரெலவேயில் உயரமாக ஏறவும். மற்றது இடுப்பு: ரெட்டிரேயில் தொடையைப் பக்கவாட்டில் திறக்க. இந்த வெளித்திருப்பத்தை டர்ன்அவுட் என்பார்கள். பரதநாட்டியத்தின் அரைமண்டியும் இதே இடுப்பைத்தான் கேட்கிறது. ருக்மிணி தேவி பரதத்துக்கு வருமுன் அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

டர்ன்அவுட்டில் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். இடுப்புக் குழியின் ஆழமும் திசையும், தொடை எலும்புக் கழுத்தின் திருகலும் ஆளுக்கு ஆள் வேறு. எலும்பு எலும்பை இடிக்கும் இடத்தில் எந்த ஸ்ட்ரெச்சும் உதவாது. பாதங்களை 180 டிகிரியில் வைக்கும் ஒரு குறுக்குவழி உண்டு: முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் திருகி வைத்து, அப்படியே நிமிர்வது. மடங்கிய முழங்கால் கொஞ்சம் திரும்ப இடம் தரும். நிமிரும்போது அந்த இடம் இல்லாமல் போகும். மிச்சத் திருகல் முழுவதும் முழங்காலின் தசைநார்கள் மேலும் மெனிஸ்கஸ் மேலும் ஏறும். உங்கள் நிஜ அளவு வேண்டுமா? சாக்ஸ் போட்டு வழுவழுப்பான தரையில், குதிகால் சேர்த்து, முழங்காலை நேராக வைத்து, இடுப்பிலிருந்து மட்டும் திறங்கள். நிற்கும் இடம்தான் உங்களுடையது. 100 டிகிரியாக இருந்தால் 100-லேயே சுத்தமாகச் சுற்றலாம்.

அடுத்து, கையால் காலைப் பக்கவாட்டில் எவ்வளவு உயரம் தூக்க முடிகிறதோ அவ்வளவு தூக்கிப் பிடித்துவிட்டு, கையை எடுங்கள். கால் விழுந்து ஒரு உயரத்தில் நிற்கும். அந்த இரண்டு உயரங்களுக்கு நடுவே இருப்பது உங்களிடம் இருந்தும் பயன்படாத வளைவு. இடைவெளி பெரிதென்றால் ஸ்ட்ரெச் வேண்டாம், பலம்தான் வேண்டும். கையை விட்ட உயரத்தில் ஐந்து எண்ணுங்கள், காலுக்கு ஐந்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறவியிலேயே மூட்டுகள் தளர்வாக இருப்பவர்கள் வகுப்பில் எல்லோரையும் பொறாமைப்பட வைப்பார்கள். ஆனால் சுற்றில் அதிகம் ஆடிப்போவதும் அவர்கள்தான். இந்தப் பத்தியை அவர்கள் இன்னொரு முறை படிக்கணும்.

நிஜமாகவே இறுக்கமாக இருப்பவர்களுக்கு: வியர்வை வரும்வரை பத்து நிமிஷம் உடம்பைச் சூடு பண்ணாமல் இழுக்காதீங்க. நீண்ட நேரம் அசையாமல் பிடிக்கும் ஸ்ட்ரெச்சை வகுப்பு முடிந்த பிறகு வையுங்கள். ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் இழுத்துப் பிடித்த உடனே அதன் பலம் தற்காலிகமாகக் குறைகிறது. அப்போது போய் ரெலவே ஏறினால் நிற்காது. 30 வினாடி, இரண்டு மூன்று முறை, வாரத்தில் நாலைந்து நாள். முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி தசை நீண்டதால் வருவதில்லை. அந்த இழுவையை நரம்பு மண்டலம் சகிக்கப் பழகியதால் வருவது. அதனால்தான் ஒரு பரீட்சை வாரம் விட்டால் பின்னால் போகிறோம்; அதனால்தான் நண்பனைத் தோளில் ஏறி அழுத்தச் சொல்வது முட்டாள்தனம். தசையின் நடுவில் மந்தமான இழுப்பு, பரவாயில்லை. இடுப்பின் முன்பக்கம் கிள்ளுவது போல, உட்காரும் எலும்பில் சுருக்கென்று, காலில் மின்சாரம் ஓடுவது போல வந்தால் உடனே நிறுத்துங்க. நாலைந்து நாளில் போகாவிட்டால் பிசியோவிடம் காட்டுங்க.

கணுக்காலுக்கு மாடிப்படி விளிம்பு போதும். ஒற்றைக் காலில் மெதுவாக ஏறி, அதைவிட மெதுவாக இறங்குவது. எடை கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் சமமாக இருக்கட்டும், குதிகால் உள்பக்கம் சாய வேண்டாம். இடைவிடாமல் 20 முதல் 25 வரை வந்தால் கெண்டைக்கால் தயார். அதற்காகப் பாயின்ட் ஷூவை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடாதீங்க. ஆசிரியர் காலைப் பார்த்து, அளந்து, சரி என்று சொல்லும்வரை கேன்வாஸ் ஸ்லிப்பர்தான். வெறுங்காலோடு மொசைக் தரையிலும் சுற்ற வேண்டாம். வியர்த்த பாதம் ஒட்டிக்கொள்ளும், மேலே முழங்கால் மட்டும் திரும்பிக்கொண்டிருக்கும்.