உபவாச நாளில் உடல் காக்கும் சமநிலை

தசலக்ஷண பர்வம் வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களிலும் உபவாசம் ஏற்போர் உண்டு. மறுநாள் பாரணை வரை உணவின்றியும் உடல் நிலை குலையாதிருப்பது எங்ஙனம்?

நம் குருதி முழுவதிலும் கலந்துள்ள சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம்தான்; ஒரு தேக்கரண்டி அளவு. மூளை மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் செலவிடுகிறது. உணவு நின்றதும் கணையம் இன்சுலினைக் குறைத்துக் குளுக்ககானைப் பெருக்குகிறது. அதன் ஏவலால் கல்லீரல் தன் சேமிப்பைச் சர்க்கரையாக்கிக் குருதியில் விடுகிறது. அச்சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளில் தீரும். பின்னர்க் கொழுப்பும் புரதமும் கைகொடுக்கும். இவ்வாறு அகநிலை மாறாமல் காக்கும் செயலுக்கு 1926ஆம் ஆண்டில் 'ஹோமியோஸ்டாசிஸ்' எனப் பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன்.

நீரும் அவ்வாறே. நீர் அருந்தாத நாளில் சிறுநீரகங்கள் சிறுநீரை அரை லிட்டர் அளவுக்குச் சுருக்கிவிடும். ஆனால் வியர்வைக்கு அத்தகைய சிக்கனம் இல்லை. தொழிற்பேட்டையில் உலையருகே உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வெளியேறலாம். நீரும் துறந்த உபவாசத்தை அவர் விடுப்பு நாளில் ஏற்பதே தக்கது.

நாம் அழுத்திக் கூற விழைவது நீரிழிவு உடையோரைப் பற்றியே. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், உண்டாலும் உண்ணாவிடினும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும். கல்லீரல் சர்க்கரையை ஏற்ற முயல, மாத்திரை இறக்கும். அளவு 70க்குக் கீழே சென்றால் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் தோன்றும். இதனை நோன்பின் சோர்வு என்று வீட்டார் வாளாவிருத்தல் பெரும்பிழை. உடனே சர்க்கரை நீர் கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. இன்சுலினைத் தாமாகவே நிறுத்துவதும் உயிருக்குத் தீங்காகலாம்.

தீர்த்தங்கரத் தன்மைக்குரிய பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்றென்பதை நாம் அறிவோம். புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்று. குறைத்துண்ணலும் சுவை துறத்தலும் தவமே. எனவே, "மாத்திரை விழுங்கினால் விரதம் கெடுமே" என வருந்தும் பெரியோர், பர்வத்திற்குச் சில வாரம் முன்னரே மருத்துவரைக் காண்க. கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கத்தையும் அவரிடம் சொல்லுதல் வேண்டும். சொல்லாவிடில், இரவு எட்டு மணி உணவை எண்ணியே அவர் மாத்திரைக்கு நேரம் குறித்திருப்பார்.