போர்டில் எரியும் சின்ன விளக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஓஸ்ராம் நிறுவனம் 2017இல் எல்.இ.டி. சிப் ஆலையைத் திறந்தது. அந்த வட்டாரத்துப் பாடாங் செராய், லூனாஸ், சுங்கை பட்டாணிப் பிள்ளைகள் இன்று புத்தாக்கப் போட்டிக்கென்று ஆர்டுயினோ, ஈ.எஸ்.பி. போர்டுகளை வைத்து மண் ஈரமானி, மழைமானி எல்லாம் செய்கிறார்கள். செய்து முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது: போர்டிலேயே பதித்து வந்திருக்கும் சின்ன எல்.இ.டி. எந்நேரமும் எரிகிறதே, அதை எப்படி நிறுத்துவது? கிடைக்கிற பதில்களில் பாதி செவிவழிக் கதை. அதை நம்பிப் போர்டைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அடுத்த முறை போர்டைத் தொடவே தயக்கம் வந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: புரோகிராமில் எழுதினால் எந்த விளக்கும் அணையும்.

உண்மை: விளக்கு எங்கிருந்து மின்சாரம் வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஆர்டுயினோ ஊனோவில் 'எல்' என்று குறித்த விளக்கு 13ஆம் பின்னுக்குக் கட்டுப்பட்டது. அதைப் புரோகிராம் அணைக்கும். 'ஆன்' என்று குறித்த விளக்கோ 5 வோல்ட் இணைப்பிலேயே நேராக உட்கார்ந்திருக்கிறது. போர்டுக்கு மின்சாரம் வரும்வரை அது எரியும். எத்தனை வரி எழுதினாலும் அதன் காதில் விழாது.

நம்பிக்கை: எல்லாப் போர்டிலும் 13ஆம் பின்தான்; 'லோ' கொடுத்தால் அணையும்.

உண்மை: இரண்டு பாதியும் தவறு. நோட்எம்சியூ போன்ற ஈ.எஸ்.பி.8266 போர்டுகளில் நீல விளக்கு 2ஆம் எண் பின்னில் இருக்கிறது. அதன் மறுமுனை 3.3 வோல்ட்டோடு சேர்ந்திருப்பதால் 'லோ' கொடுத்தால் எரியும், 'ஹை' கொடுத்தால் அணையும். 2021 ஜனவரியில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 25ஆம் பின். 2022இல் வந்த பிக்கோ டபிள்யூவில் அதே விளக்கு வைஃபை சிப்பின் வழியாக இயங்குகிறது. 25ஐ எழுதினால் ஒன்றும் நடக்காது. எண்ணை மனப்பாடம் செய்யாமல், அந்தந்தப் போர்டின் வரைபடத்தைப் பாருங்கள்.

நம்பிக்கை: 13ஆம் பின்னைத் தொடாமல் விட்டால் விளக்கு தானாக அணைந்திருக்கும்.

உண்மை: பல ஆர்டுயினோ நானோ போர்டுகளில் அப்படித்தான். ஊனோ ஆர்3இல் பின்னுக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு பஃபர் இருக்கிறது. பின்னை எதிலும் கட்டாமல் மிதக்க விட்டால், அந்தப் பஃபர் காற்றிலிருந்து வரும் சின்னச் சலனத்தையும் 'ஹை' என்று எடுத்துக்கொண்டு விளக்கை ஏற்றலாம். பின்னை 'அவுட்புட்' என்று அறிவித்து 'லோ' எழுதினால் அணைந்தே இருக்கும். ரீசெட் செய்த நொடியில் மின்னுவது, உங்கள் புரோகிராமுக்கு முன் ஓடும் பூட்லோடரின் வேலை. அதில் உங்கள் புரோகிராமுக்குப் பங்கில்லை.

நம்பிக்கை: விளக்கைக் கழற்றினால் பேட்டரி மாதக்கணக்கில் தாங்கும்.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊனோ போர்டு சும்மா இருக்கும்போதே சுமார் 45 மில்லி ஆம்பியர் குடிக்கிறது. யூ.எஸ்.பி. சிப், வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. 'ஆன்' விளக்கின் பங்கு சுமார் 3. 2,500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி தோராயமாக 55 மணி நேரம் ஓடுகிறது என்றால், விளக்கைக் கழற்றிய பின் 59 மணி நேரம் ஓடும். நான்கு மணி நேர லாபத்துக்காகப் போர்டைச் சுட வேண்டுமா?

தோட்டத்தில் மரத்தடியில் மாதக்கணக்கில் கிடந்து, மணிக்கு ஒருமுறை மட்டும் விழித்து அளக்கும் மண் ஈரமானிக்கு இந்தக் கணக்கே தலைகீழ். அதற்கு ஆர்டுயினோ ப்ரோ மினி போன்ற சிறிய போர்டு ஏற்றது. அதன் சிப் ஆழ்ந்த தூக்கத்தில் சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். ஊனோவின் 'ஆன்' போல எந்நேரமும் எரியும் 'பவர்' விளக்கு மட்டும் தூங்காமல் 3 மில்லி ஆம்பியர், அதாவது 3,000 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருந்தால், அதே பேட்டரியை அது ஒன்றே ஐந்து வாரத்தில் காலி செய்துவிடும். இங்கே கழற்றத்தான் வேண்டும். மழை மாதத்தில் செம்பனை நிழலில் சோலார் பேனலை நம்பி வைத்த கருவிக்கு இதுதான் உயிர்நாடி.

வீட்டில் சுவிட்சிலிருந்து ஓடும் கருவிக்கு இந்தக் கவலையே வேண்டாம். அந்த விளக்கு ஓராண்டு முழுக்க எரிந்தாலும் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். பில்லில் அது சில சென்.

நம்பிக்கை: விளக்கைக் கழற்றினால் போர்டு செத்துவிடும்.

உண்மை: 'பவர்' விளக்கும் அதன் ரெசிஸ்டரும் தனிக் கிளை. இரண்டில் எதை எடுத்தாலும் மற்ற பகுதி வழக்கம்போல் வேலை செய்யும். போர்டைக் கொல்வது கழற்றும் முறை. பல போர்டுகளில் அந்த விளக்கு 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம். பிளையரால் நெம்பினால் அடியிலுள்ள செம்புத் தடமும் சேர்ந்து உரிந்து வரும். முதலில் மின்சாரத்தையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். இரண்டு முனையிலும் கொஞ்சம் புது ஈயம் வையுங்கள். சோல்டரிங் அயர்னின் முனை இரண்டையும் ஒரே நேரத்தில் சூடாக்கும்படி பிடித்தால் விளக்கு தானாக நகரும், டுவீசரால் எடுத்துவிடலாம். பக்கத்தில் ஆசிரியரோ சோல்டரிங் தெரிந்த அண்ணனோ இருப்பது நல்லது.

நம்பிக்கை: கறுப்பு டேப் ஒட்டுவது சோம்பேறி வேலை.

உண்மை: வெளிச்சம்தான் தொந்தரவு என்றால் அதுவே சரியான வேலை. படுக்கையறைக் கருவிக்கு டேப் போதும். ஒளியை அளக்கும் கருவியில் போர்டின் சொந்த விளக்கே அளவைக் கெடுக்கும். அதையும் டேப் தீர்க்கும். மின்சாரத்தை மட்டும் அது மிச்சப்படுத்தாது.

நம்பிக்கை: ஈ.எஸ்.பி.32 கேமரா போர்டின் வெள்ளை ஃபிளாஷ் தானாக மின்னினால் போர்டு பழுது.

உண்மை: பழுதில்லை. அந்த ஃபிளாஷும் எஸ்.டி. கார்டின் ஒரு தரவுக் கம்பியும் 4ஆம் பின்னைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் கார்டில் எழுதும்போதெல்லாம் மின்னுகிறது. கார்டை ஒற்றைக் கம்பி முறையில் தொடங்கினால் நின்றுவிடும். ஆழ்ந்த தூக்கத்தில் மங்கலாக எரிந்தால், தூங்குமுன் 4ஆம் பின்னை 'லோ'வில் பிடித்துவைக்கும் கட்டளை உண்டு. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்கக் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைக்கிறார்கள். அப்படியொரு பெட்டிக்குள் கேமரா வைக்க விரும்பும் மாணவர் முதலில் இதைச் சரிசெய்யட்டும். குஞ்சுகளின் முகத்தில் நள்ளிரவில் ஃபிளாஷ் அடிப்பது ஆராய்ச்சி ஆகாது.

கருவி முழுதாக வேலை செய்யும்வரை எந்த விளக்கையும் கழற்றாதீர்கள். மின்சாரம் வருகிறதா, புரோகிராம் ஓடுகிறதா என்பதை மல்டிமீட்டர் இல்லாத பிள்ளைக்குச் சொல்வது அந்த விளக்குதான். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'அணைக்கும் வரி இதுதான்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள். போர்டின் வரைபடத்தை விரித்து, அந்த விளக்குக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதைக் கண்டுபிடித்த பிள்ளை நாளை எந்தப் புதுப் போர்டு கைக்கு வந்தாலும் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கும்.