வடிவச் சரமும் நான்காம் வேற்றுமையும்

விடுமுறைக்குத் தெலுக் இந்தான் திரும்பியிருந்தபோது, பேருந்து அறிவிப்பை மலாயிலும் தமிழிலும் காட்டும் சிறு நிரல் ஒன்றைப் பயிற்சிக்காக ஓகேமல் மொழியில் எழுதினேன். இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். அது கணினியியலோடு தமிழ் இலக்கணத்தையும் எனக்கு மறுபடி கற்பித்தது.

வடிவச் சரம் என்பது இடைவெளி விட்டு எழுதிய வாக்கியம். எண் வரவேண்டிய இடத்தில் ஒரு குறியும், சொல் வரவேண்டிய இடத்தில் இன்னொரு குறியும் இடுவோம். நிரல் இயங்கும்போது அவ்விடங்கள் நிரப்பப்படும். சி மொழியில் சொல்லுக்குரிய இடத்தில் எண்ணைக் கொடுத்துவிட்டால், விளைவு என்னவாகும் என்பதற்கு மொழியின் விதிகள் எந்த உறுதியும் தருவதில்லை. ஓகேமல் அப்படி விடுவதில்லை. அதன் தொகுப்பி வடிவச் சரத்தையே படித்து, அதற்கொரு வகையைக் கணித்துவிடுகிறது. தவறான மதிப்பைக் கொடுத்தால் நிரல் உருவாகவே உருவாகாது.

இனி என் வாக்கியத்துக்கு வருவோம். மலாயில் '5 புவா பஸ் கெ தெலுக் இந்தான்'. தமிழில் 'தெலுக் இந்தானுக்கு 5 பேருந்துகள்'. முதல் சரத்தின் வகை:

எண் → சொல் → வெளியீடு

இரண்டாவதன் வகை:

சொல் → எண் → வெளியீடு

பொருள் ஒன்றுதான், வகை வேறு. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கத் தொகுப்பி மறுத்துவிட்டது. மொழிபெயர்ப்பைத் தனிக் கோப்பிலிருந்து படித்தாலும், நிரல் இயங்கும்போது இதே சோதனை நடந்து, அதே மறுப்புதான் வரும்.

வழி என்ன? 1998இல் ஒலிவியே டான்வி என்னும் அறிஞர், வடிவச் சரத்துக்குப் பதிலாகச் சிறு சிறு சார்புகளைக் கோத்தே அதே பாதுகாப்பைப் பெறலாம் என்று காட்டினார். தொகுப்பியில் தனிச் சலுகை எதுவும் தேவையில்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே கருத்து: வாக்கியத்தைச் சரமாக எழுதாமல் சார்பாக எழுதலாம். இரு மொழிச் சார்புகளும் எண்ணையும் ஊரையும் ஒரே வரிசையில் பெறும். உள்ளே அவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்பது அந்தந்த மொழியின் உரிமை. இப்போது இரண்டின் வகையும் ஒன்றாகிவிட்டது.

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. ஊர்ப்பெயரோடு 'க்கு' என்று ஒட்டினால் 'தெலுக் இந்தான்க்கு' என்றல்லவா வருகிறது! இந்தானுக்கு உகரச் சாரியை வேண்டும். ஈப்போவுக்கு வகர உடம்படுமெய்யும் வேண்டும். தொகுப்பிக்கோ எல்லாமே வெறும் 'சொல்'தான். எனவே 'கு உருபேற்ற ஊர்' என்று தனி வகை ஒன்றை அமைத்தேன். உருபேற்றும் சார்பு ஒன்றால் மட்டுமே அவ்வகை மதிப்பை உருவாக்க முடியும். வெறும் பெயரை அவ்விடத்தில் வைத்தால் தொகுப்பி தடுத்துவிடும். உருபேற்றும் சார்பே பிழையாக இருந்தால் வகை நம்மைக் காப்பாற்றாது. ஆனால் திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாகிவிடுகிறது.

திரையில் ஒட்டுப்போட்ட தமிழைக் காணும்போது, 'தமிழ் கணினிக்கு ஒத்துவராது' என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. குறை தமிழில் இல்லை. பிறமொழிச் சொல்வரிசையைப் பொதுவிதியாகக் கொண்ட வடிவச் சரத்தில்தான் இருக்கிறது. வேற்றுமையையும் ஒரு வகையாக எழுதிப் பாருங்கள். பள்ளியில் மனனம் செய்த இலக்கணத்தைத் தொகுப்பியே சரிபார்க்கும்.